காட்டுக்குள் வந்த மான்

வனவராகப் பதவி உயர்வு கிடைத்து, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து நாமக்கல் மாவட்டத்துக்கு மாறுதலாகி வந்த முதல் நாள். நாற்காலியில் முழுதாக உட்காரக்கூட இல்லை, போன் அடித்தது.

"ஏனுங்க, ஃபாரஸ்ட் ஆபீசுங்களா? காட்டுக்குள்ள மான் வந்துபோட்டுதுங்க!"

"காட்டுலதானேம்மா மான் இருக்கும்?" என்றேன்.

 அந்தப் பக்கத்துப் பெண் இன்னும் உரக்க, "அய்யோ, அந்தக் காடு இல்லீங்க. என்ற காடு! கடலைக்காடு! வந்து பார்க்கோணும்னா பாருங்க, இல்லாட்டி நானே அதைப் புடிச்சுக் கட்டிப்போட்டுடுவேன்" என்று போனை வைத்துவிட்டார்.

எதிரில் நின்ற வனக்காப்பாளர் மாதேஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "மேடம், இந்தப் பக்கம் வெள்ளாமை பூமியைத்தான் காடும்பாங்க. நம்ம காட்டை மலைன்னு சொல்லுவாங்க. தெரிஞ்சு வச்சுக்கங்க, இல்லாட்டித் தினமும் இப்படித்தான்."

நான் சேலம் டவுனில் வளர்ந்தவள். அப்பாவுக்கு, நாங்கள் அத்தா என்போம், ஜவுளிக்கடை. நான் வனத்துறைக்குப் போகிறேன் என்றபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அங்க மனுஷங்க யாராச்சும் இருப்பாங்களாம்மா?" என்பதுதான். இந்தக் குறிப்பைப் படிக்கும் இளம் வனக்காப்பாளர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: மனுஷர்கள்தான் இருப்பார்கள். மான் எப்போதாவதுதான் வரும்.

1. குளம்பு

ஊர் போதமலை அடிவாரத்தை ஒட்டியது. பெயர் வேண்டாம், அவர்களில் பலர் இன்றும் எனக்குப் போன் செய்கிறவர்கள். போன் செய்த பாவாயி அக்கா தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பிலேயே நின்றிருந்தார். சித்திரை மாதம். மலை முழுக்கக் காய்ந்து பழுப்பேறிக் கிடக்க, அவருடைய போர்வெல் பாசனத்தில் கடலைச் செடி மட்டும் பச்சென்று இருந்தது. ஒரு மூலையில் கொழுந்துகள் கடிபட்டிருந்தன.

"பாருங்க, எப்படி மேஞ்சிருக்குதுன்னு!"

குனிந்து பார்த்தேன். முயல் கடித்தால் கத்தரிக்கோலால் சாய்த்து வெட்டியதுபோல் இருக்கும். மானுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லால் பற்றி இழுக்கும், தண்டு நார் நாராகப் பிய்ந்திருக்கும். இங்கே பிய்ந்துதான் இருந்தது. ஆனால் அவசரப்படக் கூடாது, ஆட்டுக்கும் மேல்வாயில் முன்பல் இல்லை. எனவே மண்ணைப் பார்க்க வேண்டும். மான் குளம்பு ஒல்லியாக, நுனி கூராக இருக்கும். ஆட்டின் குளம்பு அகலம், நுனி மழுங்கல். அங்கே பதிந்திருந்தவை அத்தனையும் மழுங்கல்.

"அக்கா, இது ஆடு."

"யார் ஊட்டு ஆடுங்க?"

தடம் வரப்பைத் தாண்டி, முள்வேலியின் சந்தைத் தாண்டி, நேராகப் பாவாயி அக்கா வீட்டுப் பட்டிக்குப் போயிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினேன்.

"என்ற ஆடா?" அவர் முகம் சிவந்துவிட்டது. "என்ற ஆடு அப்படிப்பட்ட ஆடு இல்லீங்க மேடம்!"

சொல்லி வாய் மூடவில்லை, பட்டிக்குள்ளிருந்து அவருடைய கிடா தலையை நீட்டியது. வாயில் கடலைத் தண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மாதேஸ் மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பாவாயி அக்கா கிடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு, "அப்ப நான் மானைக் கண்டது பொய்யுங்களா? கொம்போட நின்னுதுங்க, அந்தத் தொட்டிகிட்ட" என்றார்.

மாடு தண்ணீர் குடிக்கும் சிமென்ட் தொட்டியடியில் ஈர மண். அங்கே ஒல்லியான, கூரான ஒரு தடம் இருந்தது. ஓரம் உதிராமல் அச்சாக, அன்று காலை பதிந்தது. பெரியதும்கூட. அக்கா பொய் சொல்லவில்லை. கொம்புள்ள புள்ளிமான் ஒன்று தனியாக மலையிறங்கி வந்திருந்தது. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, கடலையைத் தொடாமல் போயிருந்தது.

தொடாமல் போனதுதான் எனக்குக் கவலையாக இருந்தது, அப்படியானால் ஊருக்குள் வேறெங்கோ மேய்கிறது. ஊருக்குள் நாய் அதிகம். மதில் இல்லாத பழைய கிணறுகள் அதைவிட அதிகம். மான் எங்கே மேய்கிறது என்று தெரிந்தால்தான் அதைப் பாதுகாப்பாக மலைக்கு விரட்ட முடியும்.

2. இலுப்பைத் தோப்பு

மழைக்குப் பிறகு மானுக்குப் புல் போதும். புல் காய்ந்தால் இலைக்குப் போகும். இலையும் உதிர்ந்த கோடைக் கடைசியில் அது உதிர்ந்ததைத் தின்று பிழைக்கும்: வேலமரத்து நெற்று, இலந்தைப் பழம், பூ. குரங்கு இருக்கும் மரத்தடியில் மான் நிற்பதும் இதனால்தான். மேலே இருப்பவர் பாதி தின்று பாதி சிந்துவார், கீழே இருப்பவர் பந்தியை முடித்துவைப்பார்.

ஊருக்கு மேற்கே ஒரு கோயில் தோப்பு. முழுக்க இலுப்பை மரம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தரையெங்கும் பூ, அரிசிப் பொரி கொட்டியதுபோல். ஒரு மரத்தடியில் மட்டும் பெருக்கி எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது. பக்கத்தில் புழுக்கை. ஒரு முனை கூராக, பளபளவென்று ஈரத்தோடு. சித்திரை வெயிலில் புழுக்கை மதியத்துக்குள் மங்கிவிடும். எனவே மான் சற்று முன்தான் போயிருந்தது.

"கடலையை விட்டுட்டு இங்க வந்து பூ திங்குதே" என்றார் மாதேஸ். நானும் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். வெல்லப்பாகுபோல் இனித்தது. மானின் முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பும்போது தோப்பின் ஓரத்தில் ஒரு வேப்பமரத்தில் பட்டை உரிந்திருந்தது. அதைச் சுற்றி யாரோ சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். இது வேண்டுதல் ரிப்பன் இல்லை. கொம்பு உரசும் மரத்துக்கு அடையாளம் வைத்த மாதிரி இருந்தது.  மானைத் தேடி இன்னொருவரும் தடம் பார்க்கிறார்.

3. மரத்தின் மேல் ஒருவர்

மறுநாள் காலை தோப்புக்குள் நுழையும்போதே அவரைக் கண்டுபிடித்துவிட்டோம். இலுப்பை மரக்கிளையில் பலகை கட்டி, இலை அச்சடித்த கரும்பச்சைச் சட்டையும் தொப்பியும் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தத் தோப்பில் அத்தனை பச்சையாக இருந்தது அவர் ஒருவர்தான். தார் ரோட்டிலிருந்தே தெரிந்தார். போதாததற்குப் பாலியஸ்டர் துணி, அசையும்போதெல்லாம் சரசரத்தது. ஜவுளிக்கடைக்காரர் மகள் என்ற முறையில் எனக்கே வருத்தமாக இருந்தது.

அவரால் இறங்க முடியவில்லை. அடியில் பாவாயி அக்காவின் கிடா நின்றிருந்தது. உதட்டைச் சுருட்டிக்கொண்டு, கண் சொருகி, மரத்தை முட்டி முட்டிக் காதல் செய்துகொண்டிருந்தது.

"மேடம், இதைச் சித்த அக்கட்டால ஓட்டுங்க!" என்றார் மேலிருந்தவர்.

"துப்பாக்கி இருக்கா?"

"சத்தியமா இல்லீங்க!"

"கண்ணி, வலை?"

"போன் மட்டுந்தானுங்க!" என்று தூக்கிக் காட்டினார்.

மாதேஸ் கிடாவை இழுத்துப் பிடிக்க, அவர் இறங்கி வந்தார். பெயர் நல்லசிவம். ஊரில் ரிக் நல்லசிவம். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று வாழ்நாளெல்லாம் ரிக் வண்டியோடு போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். இப்போது தொழிலை மகன் பார்க்கிறான். இவர் வீட்டில் உட்கார்ந்து, அமெரிக்காவில் பனிக்குள் மான் வேட்டையாடுகிறவர்களின் வீடியோவைப் பார்க்கிறார்.

"இங்கிலீசு புரியாதுங்க. படத்தை வச்சுப் புரிஞ்சுக்குவேன். மரத்துல பட்டை உரிஞ்சிருந்தா அங்க மான் வருமாம்."

"அந்த வேப்பமரத்துல எருமை முடி ஒட்டிட்டிருக்கு, பார்க்கலையா?"

அவர் முகம் தொங்கிவிட்டது. அதற்குள் எனக்கு ஒரு வாடை அடித்தது. "இது என்னங்க நாத்தம்?"

நல்லசிவம் தரையைப் பார்த்தார். "வீடியோவுல பொட்டை மானோட மூத்திரத்தைத் தெளிப்பாங்க மேடம். அதுக்கு நான் எங்க போவேன்? பொட்டை ஆட்டு மூத்திரத்தைப் புடிச்சுத் தெளிச்சேன். ரெண்டும் ஒரே இனந்தானுங்களே?"

மாதேஸ் கிடாவின் கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். கிடா மறுபடி மரத்துக்கு வந்தது.

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அதிகாரம் போய்விடும் என்று பயந்த காலம் அது. மானைத் தொட்டாலே வழக்கு, ஜெயில் என்று கடுமையாகச் சொன்னேன். அவர் கைகூப்பினார். "எனக்குக் கறி வேண்டாங்க, நான் சுத்த சைவம். பூமிக்கடியில என்ன இருக்குதுன்னு பார்த்தே வயசு போயிருச்சு. மேல இருக்கிறதுல ஒண்ணையாச்சும் பக்கத்துல பார்க்கோணுமுங்க." இதை நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு எதுவும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மாட்டுக்கு நக்க வைக்கும் உப்புக்கட்டி ஒன்றைத் தோப்புக்கு அந்தப் பக்கம் வைத்திருப்பதாகச் சொன்னார். இன்றே எடுத்துவிடுங்கள் என்றேன். மதியம் எடுத்துவிடுகிறேன் என்றார்.

4. கிணறு

மதியம்வரை நேரம் இருக்கவில்லை. நாங்கள் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் நல்லசிவத்தின் போன். அழுதுகொண்டிருந்தார்.

"மேடம், மான் கெணத்துக்குள்ள உளுந்துபோச்சுங்க. நான் உப்பு வச்ச இடத்துக்குத்தான் வந்துது. நாயிங்க தொரத்திருச்சுங்க."

போய்ப் பார்த்தால் தூர்ந்த பாழுங்கிணறு. அடியில் சேறு. சேற்றில் முழங்கால் புதைய மான் நின்றிருந்தது. எலும்பு முறியவில்லை, ஆனால் உடம்பு முழுக்க நடுக்கம். சுற்றிலும் ஊரே கூடிக் கத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கத்தலுக்கும் அது சுவரில் மோதியது. கால்நடை மருத்துவர் போனில் சொன்னார்: "கண்ணைக் கட்டுங்க, சத்தமே கூடாது. மான் அடிபட்டுச் சாகுறதைவிட பயந்து சாகுறதுதான் அதிகம்." தீயணைப்பு வண்டி வேறோர் இடத்தில் இருந்தது.

நல்லசிவம் ரிக் வண்டிக்குச் சொல்லியிருந்தார். வண்டி வந்து நின்றது. கம்ப்ரஸர் உறுமியதும் மான் மறுபடி சுவரில் பாய்ந்தது.

"நிறுத்துங்க! இந்தச் சத்தத்துலயே செத்துரும்" என்று கத்தினேன். கத்தியவர்கள் வரிசையில் நானும் சேர்ந்துகொண்டேன்.

என்ஜின் நின்றது. நல்லசிவம் கிணற்றுக்குள் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் வேறு ஆள். மோட்டார் தூக்கும் இரும்பு முக்காலியை வண்டியிலிருந்து இறக்கிக் கிணற்றின்மேல் நிறுத்தக் கைகாட்டினார். பாரம் தூக்கும் செயின் பிளாக்கைத் தொட்டவனை விரலாட்டித் தடுத்தார், சங்கிலி கடகடக்கும். கயிறும் கப்பியும் போதும், ஆளே இழுக்கட்டும் என்று காட்டினார். காட்டினார் என்றுதான் எழுத வேண்டும், அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ரிக் ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் பேசுவதுகூடக் காதில் விழாது. எனவே அந்தத் தொழிலில் எல்லாமே கைச்சாடைதான். உள்ளங்கை கவிழ்ந்தால் மெதுவாக. விரல் சுழன்றால் தூக்கு. முஷ்டி மூடினால் நில்.

கூட்டத்தைப் பாவாயி அக்கா பார்த்துக்கொண்டார். விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடந்தார், அவ்வளவுதான். பேச்சு மூச்சில்லை. பிறகு தலைத்துண்டை அவிழ்த்து மாதேஸிடம் கொடுத்தார்.

மாதேஸும் ரிக் ஆள் ஒருவரும் கயிற்றில் இறங்கினார்கள். பின்னாலிருந்து துண்டைத் தலையில் போட்டுக் கண்ணைக் கட்டியதும் மான் அடங்கிவிட்டது. கால்களைத் துணியால் கட்டி, வயிற்றுக்கடியில் தார்ப்பாய் கொடுத்தார்கள். நல்லசிவத்தின் விரல் சுழன்றது. வரிசையாக நின்று கயிறு பிடித்த ஊர்க்காரர்கள் அவர் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாதி ஏறியதும் கொம்பு கல்லிடுக்கில் சிக்கியது. முஷ்டி மூடியது. அத்தனை பேரும் நின்றார்கள், ஒருவர்கூட 'அய்யோ' என்று சொல்லவில்லை. மாதேஸ் கீழிருந்து கழியால் கொம்பை விடுவிக்க, உள்ளங்கை கவிழ்ந்தது, கயிறு மறுபடி மெதுவாக நகர்ந்தது. மானின் மூச்சுச் சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது. ஊர்த் திருவிழாவில்கூட ஒலிபெருக்கி இல்லாமல் பேசாத ஊர் அது.

மலையடிவாரம்வரை ஜீப்பில் கொண்டுபோய், நிழலில் கிடத்தி, கால்கட்டை அவிழ்த்து, கடைசியாகத் துண்டை உருவினோம். கொஞ்ச நேரம் அசையவில்லை. நல்லசிவம் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார், ஒரு கை தூரத்தில் மான். பிறகு அது எழுந்தது, தள்ளாடியது, உதறிக்கொண்டது. அது உதறிய சேறு முழுவதும் அவர் முகத்தில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. மான் புதருக்குள் போய் மறையும்வரை மூச்சை அடக்கியே இருந்தார்.

மாலையில் ரேஞ்சர் போன் செய்தார். "எந்தக் கிரேன்மா வச்சுத் தூக்குனீங்க?"

"கிரேன் இல்ல சார். ஊர்க்காரங்கதான்."

"அவ்வளவு பேர் கத்துனா மான் பிழைச்சிருக்காதே?"

நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

அந்தக் கோடை முடிவதற்குள், நல்லசிவம் தன் செலவில் அந்தக் கிணற்றுக்கு மதில் கட்டி, மேலே இரும்பு வலையும் போட்டார். மற்ற கிணறுகளுக்கு மதில் கட்டவைக்க நான் அலைந்த அலைச்சல் தனிக்கதை.

அதற்குப் பிறகு எந்த ஊருக்கு மாறுதலாகிப் போனாலும், தடம் பார்ப்பதற்கு முன் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு வேலை செய்வேன். இந்த ஊரில் யாருக்கு என்ன தொழில் தெரியும், யார் சொன்னால் கூட்டம் கேட்கும், யாரிடம் கயிறும் கப்பியும் இருக்கிறது என்று விசாரித்துவைப்பேன். தடமும் புழுக்கையும் பயிற்சிக் கல்லூரியில் நன்றாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். மனிதர்களைப் பற்றி விசாரித்துவைக்க யாரும் சொல்லித்தருவதில்லை. அதை நீங்களே செய்துகொள்ளுங்கள். போகிற அன்றைக்கே செய்யுங்கள், மான் விழும்வரை காத்திருக்க வேண்டாம்.