தலைக்கு மேலே ஓடும் சத்தம்

வேலைக்குப் போகும் பிக்கரிங் ரெயினில் இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் என்னோடு வரும் அந்த அண்ணை கதவோரம்தான் நிற்பார். அலாஸ்காக் கப்பலில் வேலை செய்தவராம். நானும் மனைவியும் பனிமலை பார்க்க அதே மாதிரிக் கப்பலில் போகவிருந்தோம்; எங்களுக்குக் கிடைத்த அறை வலது பக்கம். பனிமலை இடது பக்கம் வந்தால் மனைவியின் ஆசை வீணாகிவிடுமே என்று எனக்கு நித்திரையில்லை.

“எங்கை நிண்டால் நல்லாத் தெரியும், அண்ணை?” மூன்றாம் முறையாகக் கேட்டேன்.

“பதறாதையும் தம்பி. கப்பல் சுத்தித் திரும்பும். ஐஞ்சாம் தட்டிலை பின்பக்கம் நில்லும். சனம் கடைசியிலை அங்கைதான் ஓடுறது.”

“நீங்களும் அங்கை நிண்டோ பாத்தனீங்கள்?”

“நான் எங்கை பாத்தது? நாலாம் தட்டுக் குசினியிலை கோப்பை கழுவினனான். மேலை ஓடுற சத்தத்திலை இடம் விளங்கும்.”

கப்பலில் அவர் சொன்ன இடத்திலேயே போய் நின்றோம். பனிச்சுவர் இடிந்து விழுந்தபோது மனைவி கைதட்டினாள். சனம் ஓடிவந்தது. நானோ, கீழே யாருக்குக் கேட்கிறதோ என்று என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.