உடைவதற்கென்றே விட்ட பல்சக்கரம்

ரோவீனா பாஸ்மாவைப் பற்றி நான் எழுதப் போகிறேன் என்றால் எங்கள் ரிமோட் வண்டிப் பந்தய கிளப்பில் சிரிப்பார்கள். அவளை வெளியேற்ற விதி கொண்டுவந்த ஆளே நான்தான். இருக்கட்டும். அடி வாங்கியவனுக்குத்தானே அடித்த கையின் பலம் தெரியும்!

எங்கள் மஸ்கீகன் ஊர்ப் பக்கம் பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் அவள் முப்பத்தோரு வருடமாக மெக்கானிக். வயது ஐம்பத்தேழு. ஆள் குள்ளம், குரல் பெரிது, வலது முழங்காலில் தீராத வலி. பஸ் உள்ளே நுழையும்போதே, காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமல், "பின்னச்சு, இடது பக்கம்" என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகப் போனால், "அப்ப பஸ்தான் பொய் சொல்லுது" என்பாளே தவிர, தோல்வியை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

போன கிறிஸ்துமஸுக்கு அவளும் ஐந்து பஸ் டிரைவர்களுமாக ஒரே மாதிரி ரிமோட்டில் ஓடும் ஆறு பொம்மை டிரக்குகளை வாங்கினார்கள். பெட்டியைப் பிரித்து அப்படியே ஓட்டுகிற தொடக்கநிலை ரகம். சனிக்கிழமை மதியமானால் ஆறு பேரும் மான்கறிக் குழம்புப் பானையோடு எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். பழைய ரோலர் ஸ்கேட்டிங் கூடம் அது. தரையில் கம்பளம் விரித்து, ஓரத்தில் பலகை அடித்துப் பந்தயத் தடம் போட்டிருக்கிறோம். கிளப்புக்குத் தலைவன், மைக்கில் கத்துகிறவன், கழிவறையில் காகிதம் வைக்கிறவன் எல்லாம் நார்பர்ட் என்கிற நான்தான்.

ஒரு மாதம் ஓட்டினால் யாருக்கும் வேகப் பசி வந்துவிடும். அவர்களுக்கும் வந்தது. பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு பிரஷ்லெஸ் மோட்டாரை மாட்டினார்கள். உள்ளே உரசித் தேயக் கரித்துண்டு கிடையாது. அதே அளவில் இரண்டு பங்கு வேகம் தரும் மோட்டார். மாட்டுவதற்கு அரை மணி போதும். ஆனால் மோட்டாரைத் தவிர மற்றதெல்லாம் அதே பிளாஸ்டிக்! கழுதைக்குக் குதிரை வேகம் வந்தால் அதன் கால் என்ன ஆகும்? ஒரே சனிக்கிழமையில் நான்கு டிரக்குகள் தடத்தில் அச்சையும் திருகையும் சிந்திவிட்டு நின்றன. இரண்டு முறை பந்தயத்தை நிறுத்தினேன். எனக்கு வந்த கோபத்தில் மைக் தேவைப்படவில்லை.

பிரஷ்லெஸ் பந்தயத்தில் தொடக்கநிலை வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்று விதி போடலாம் என்றேன். கிப் ஸ்வார்ட் உடனே வழிமொழிந்தான். குழாய் வேலை செய்கிறவன், எங்களில் வேகமானவன், அது அவனுக்கே நன்றாகத் தெரியும். விஷயம் காதுக்கு எட்டியதும் ரோவீனா என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"என்ன நார்ப், எங்க ஆறு பேரையும் ஒரே பேப்பர்ல வெளிய தள்றியாமே?"

"உங்க வண்டி பொம்மை, ரோ. பொம்மைக்குப் பெரிய மோட்டார் மாட்டினா பந்தய வண்டி ஆயிடுமா?"

"ஆக்கிக் காட்டுறேன். வர்ற சனிக்கிழமை கடைசிப் பந்தயத்துல அஞ்சு நிமிஷமும் முழுசா ஓட்டி முடிக்கிறேன். நடுவுல நின்னா ஆறு பேரும் மூட்டையைக் கட்டிடறோம். முடிச்சுட்டா அந்தப் பேப்பரை நீ ஒட்டக் கூடாது."

"நின்னுடும் தாயே."

"வாயை வாடகைக்கு விட்டிருக்கியா? ஓடினதுக்கு அப்புறம் பேசு."

பந்தயத்துக்கென்றே செய்த வண்டியை வாங்கும் வசதி அந்த டிரைவர்களுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். கிளப்பை விட்டால் அவர்களுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இல்லை. தெரிந்தும் சரி என்றேன். அவள் தோற்பாள் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

புதன்கிழமை பட்டறைக்குப் போனேன். நலம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டேன். போனது கேலி செய்ய. பஸ்ஸின் நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மோட்டாரிலிருந்து சக்கரம் வரை சக்தி போகும் வழியை விரலால் தொட்டுத் தொட்டு வந்துகொண்டிருந்தாள். சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் எஃகாகிவிட்டன. கியர்பெட்டிக்குள் எல்லாம் உலோகம். பிளாஸ்டிக் வளையம் இருந்த இடத்தில் பேரிங். மோட்டார் சூடாகாமல் இருக்க, அதன் முனையில் பல் குறைந்த சின்னச் சக்கரம். ஓட்டி முடித்துவிடுவாளோ என்று தோன்றியது. அப்போதுதான் மோட்டாரோடு கோத்திருக்கும் பெரிய பல்சக்கரத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக்!

"எல்லாத்தையும் எஃகாக்கிட்டு இதை மட்டும் மறந்துட்டியே!"

"மறக்கல. உன் வீட்டுல பனியை வாரித் தள்ளுற மெஷின் இருக்குல்ல? கல்லு மாட்டினா முதல்ல எது உடையும்?"

"அந்த மெல்லிசு ஆணி."

"அது ஏன் மெல்லிசா இருக்கு?"

"மெஷின் தப்பிக்கணும்னு..."

"அவ்ளோதான். உடையணும்னா நான் சொல்ற இடத்துல உடையட்டும். கிப் எல்லாத்தையும் எஃகா மாத்தியிருக்கானாம். அவன் வண்டி எங்க உடையணும்னு அவன் இன்னும் முடிவு பண்ணல."

பேசத் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமையே தடை அறிவிப்பை அச்சடித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் வண்டி நின்றதும் கதவில் ஒட்டத் தயாராக.

சனிக்கிழமை தகுதிச் சுற்றின் கடைசி வளைவு. மேட்டிலிருந்து பாய்ந்த கிப்பின் டிரக் நேராக ரோவீனாவின் டிரக் மேல் இறங்கியது. அவள் சக்கரங்கள் இறுகி நின்றன, மோட்டார் நிற்கவில்லை. கரகரவென்று ஒரு சத்தம். அதன்பின் மோட்டார் மட்டும் வீறிட்டது, வண்டி அசையவில்லை. வெள்ளைச் சக்கரத்தின் பற்கள் மழுங்கிவிட்டன. அதுவரை ஓடியதே அவளைக் கடைசிப் பந்தயத்தில் சேர்க்கப் போதுமானதாக இருந்தது.

"போச்சாக்கா?" என்றான் கிப், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"சக்கரம்தான் போச்சு. நான் இங்கதான இருக்கேன்."

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டி முடித்தவர், அடுத்த பந்தயத்தில் தடத்தின் வளைவில் நின்று, கவிழும் வண்டிகளை நிமிர்த்திவிட வேண்டும். நிற்காதவருக்குக் கடைசிப் பந்தயம் கிடையாது. அவருக்குப் பதிலாக வேறு யாராவது நிற்கலாம். அன்று மற்றவர்கள் கையில் ஆளுக்கொரு வண்டி இருந்தது, சும்மா உட்கார்ந்திருந்த ஆள் நான் ஒருவன்தான். "நீ போய் வண்டியைப் பார், நான் நிற்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ரோவீனா, மூன்றாவது வளைவு" என்று மைக்கில் கூப்பிட்டேன். அவள் டிரக்கை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அந்த முழங்காலோடு ஐந்து நிமிடத்தில் பதினோரு முறை குனிந்து நிமிர்ந்தாள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசிப் பந்தயத்துக்கு மூன்று நிமிடம். என் பக்கத்து மேஜையில் அவள் கை பறந்தது. மோட்டாரைத் தளர்த்தினாள், ஒரே ஒரு மரை, பழைய சக்கரம் வெளியே. மிட்டாய் டப்பாவிலிருந்து புதுச் சக்கரம் உள்ளே. இனி இரண்டு சக்கரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வைக்க வேண்டும். இறுகினாலும் பல் போகும், தளர்ந்தாலும் பல் போகும். நடுவே ஒரு பேப்பர் துண்டைக் கொடுத்து நெருக்கி, மோட்டாரின் திருகை இறுக்கி, பேப்பரை உருவிவிட்டால் இடைவெளி சரியாக அமையும். அவள் வெட்டி வைத்திருந்த துண்டு குழம்பில் ஊறிக் கிடந்தது.

"நார்ப்! பேப்பர்! சீக்கிரம்யா!"

மேஜையில் கணினி மட்டும்தான். பேப்பர் இருந்தது என் சட்டைப்பையில். ஒரு நொடி கை போகவில்லை. பிறகு, அந்தப் பதினோரு தடவையும் கண்ணில் வந்து நின்றது. எடுத்து, ஓரத்தைக் கிழித்து நீட்டினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை.

இரண்டாவது நிமிடத்தில் கிப் முழு வேகத்தில் பலகையில் மோதினான். எஃகு எதுவும் உடையவில்லை. அதைப் பிடித்திருந்த கியர்பெட்டியின் கூடு இரண்டாகப் பிளந்தது. "எல்லாம் எஃகு போட்டேனே!" என்று தலையில் கை வைத்தான். நான்காவது நிமிடம் ரோவீனாவின் டிரக் குப்புறக் கவிழ்ந்தது. வளைவில் நின்றவன் நிமிர்த்தி வைத்தான். ஓடியது! மணி அடிக்கும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வண்டிகளில் ஆறாவது இடம். ஐந்து டிரைவர்களும் போட்ட கூச்சலில் நான் அறிவித்தது யார் காதிலும் விழவில்லை.

அவள் நொண்டிக்கொண்டே வந்து அந்தத் துண்டை என் மேஜையில் வைத்தாள். வரிசையாகப் பல் பதிந்திருந்தது. பல் தடத்துக்கு நடுவே "அனுமதி இல்லை" என்று தெளிவாகப் படிக்க முடிந்தது. இப்போது அவளும் படித்துவிட்டாள்.

"இந்தா உன் உத்தரவு. நல்லா வேலை செஞ்சுது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "தப்புதான் ரோ," என்றேன்.

"தப்புதான். மீதிப் பேப்பர் எங்க?"

கொடுத்தேன். தன் மேஜையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, நிதானமாக ஐந்து துண்டாக வெட்டினாள். டிரைவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இடைவெளி வைக்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. குழம்புப் பானைக்கிட்ட கொண்டு போயிடாதீங்க."