பொதி பிரிக்காத போர்வை

என் மகளுக்குத் தலையணியும் போர்வையும் வாங்கப் போன இடத்தில், மெல்பேர்ணில் ஸ்பிரிங்வேல் கடை ஒன்றின் நடுவே நின்று நான் கத்தினேன். கத்துவது எனக்குப் புதிதல்ல. என் வாய்க்குப் பயந்துதான் என் மனுசன் காரை விட்டே இறங்கவில்லை. ஆனால் அது சந்தோசமாக இருந்திருக்க வேண்டிய நாள்.

அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. எங்களைப் போல் படகில் வந்து தற்காலிக விசாவில் தொங்கிக்கொண்டிருப்பவர்களின் பிள்ளைகள், வெளிநாட்டு மாணவர்கள் கட்டுகிற கட்டணத்தைக் கட்ட வேண்டும். அதற்கு நாங்கள் எங்கே போவது? கெட்டிக்காரி, உதவித்தொகை எடுத்தாள். வளாகத்துக்குள் தங்க அவளுக்கென்று ஓர் அறையும் தந்தார்கள். கட்டிலும் மெத்தையும் அங்கே இருக்கும். விரிப்பு, தலையணி, போர்வை எல்லாம் நாங்கள் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் வீட்டில் புதுப் படுக்கை என்று ஒன்று இருந்ததே இல்லை. யாரோ வேண்டாமென்று வீதியோரம் வைத்த மெத்தை, கோயிலில் தெரிந்தவர்கள் தந்த போர்வை, இப்படித்தான் வருடங்கள் போயின. வாங்கினாலும், மடித்தால் பைக்குள் அடங்குகிற சாமானைத்தான் வாங்குவோம். விசா முடியும், நீட்டுவார்கள், மறுபடி முடியும். அதனால் ஆளுக்கொரு பை கதவடியில் எப்போதும் தயாராக இருக்கும். அது படகால் இறங்கியதும் எங்களை அடைத்துவைத்த முகாமில் பழகிய பழக்கம். அங்கே திடீரென்று வந்து, "கிளம்புங்கள்" என்பார்கள். ஆளுக்கு ஒரு பைதான். வேறு முகாமுக்கு விமானத்தில் மாற்றிய ஒரு நாளில், அவளுடைய மஞ்சள் பூப்போட்ட தலையணி பைக்குள் அடங்கவில்லை. காவலர் அதை உருவிக் கட்டிலில் போட்டுவிட்டார். அவள் அப்போது சின்னப் பிள்ளை. வழி முழுக்க அழுதாள். அதற்குப் பிறகு தலையணி வைத்துப் படுப்பதையே விட்டுவிட்டாள். கேட்டால் கழுத்து நோகிறது என்பாள்.

ஆகவே இந்த அறை விசயத்தில் நான் ஒரே முடிவாக இருந்தேன். இந்த ஓர் அறையிலாவது என் பிள்ளை, இந்த நாட்டிலேயே இருக்கப்போகிற ஆள் மாதிரிப் படுக்க வேண்டும். இங்கே டூனா என்கிறார்களே, பஞ்சடைத்த தடித்த போர்வை, அது ஒன்று. தலை வைத்தால் புதைகிற தலையணி ஒன்று. மலிவாக இருக்கட்டும், எனக்கு வெட்கமில்லை. ஆனால் புதிதாக இருக்க வேண்டும், பெரிதாக இருக்க வேண்டும்.

கடைக்குள் நுழைந்ததும் அவள் நேரே போய் எடுத்தது மெல்லிய கம்பளித் துணி ஒன்று. காரில் போகும்போது காலுக்குப் போர்த்துகிற சாமான்.

"இதைப் போர்த்துக்கொண்டு மெல்பேர்ண் குளிருக்குப் படுக்கப் போறியோ?"

"போதும், அம்மா. ரூமில ஹீற்றர் இருக்கு."

"காசை யோசிக்கிறியோ? அதை நான் பாக்கிறன். இந்த டூனாவைப் பார், அரைவாசி விலைக்குப் போட்டிருக்கிறாங்கள்."

"காசுக்காக இல்லை, அம்மா. இது டூ பிக்."

"பெரிசெண்டா என்ன? தலையிலயோ சுமக்கப் போறாய்?"

அவள் தலையணிகள் அடுக்கியிருந்த பக்கம் திரும்பவே மாட்டேன் என்று நின்றாள். எனக்குக் கொதி ஏறிவிட்டது. "உனக்கென்ன விசரே? இவ்வளவு காலமும் கண்டவன் குடுத்த கந்தலில படுத்தது காணாதோ?" என்று கத்தினேன். சவர்க்காரத்தை எடுத்து மணந்து பார்த்துக்கொண்டிருந்த வியட்நாமியப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் தாய் கத்துவது யாருக்கும் விளங்கும்தானே.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் காண்கிற அன்ரி ஒருவர் தள்ளுவண்டியோடு வந்து சேர்ந்தார். எதற்கு வந்தோம் என்று கேட்டுவிட்டு, "வீடு இஞ்ச கிட்டத்தானே இருக்கு. பொம்பிளைப் பிள்ளையை ஏன் வெளியில விடுறியள்?" என்றார்.

"எங்கட வீட்டில அவளுக்கு இருந்து படிக்க ஒரு மேசையும் இல்லை, கதிரையும் இல்லை, அன்ரி. நீங்க வாங்கித் தாறியளோ?" என்றேன்.

அன்ரி வண்டியைத் தள்ளிக்கொண்டு சட்டி பானைப் பக்கம் போனார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்த அந்த நேரத்தை விடாமல் டூனாவையும் தலையணியையும் தூக்கி எங்கள் வண்டிக்குள் போட்டேன். அவளும் தடுக்கவில்லை. அப்பாடா, வென்றேன் என்று நினைத்தேன்.

காற்றை உறிஞ்சி எடுத்து, பலகை மாதிரித் தட்டையாக அமுக்கி, கைபிடி வைத்த பிளாஸ்டிக் பைக்குள் டூனாவை அடைத்திருந்தார்கள். தலையணியும் அப்படித்தான் சுருட்டியிருந்தது. காசு வாங்குகிற பெண்ணிடம் மகள் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டாள். திறந்த பிறகு இதைத் திரும்ப இவ்வளவு சின்னதாக அடைக்கலாமா என்று. அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, ஒருதரம் பொங்கினால் பொங்கினதுதான், திரும்ப உள்ளே போகாது என்றாள். தோய்த்து எடுத்துவைக்கத்தான் கேட்கிறாளாக்கும், பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைக் கொண்டுபோய் விட்ட நாளில், அறையைக் கண்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரம். மேசை, கதிரை, எல்லாம் அவளுக்கே. கட்டிலை நானே விரித்துத் தருகிறேன் என்று பையைத் திறக்கிற சிப்பில் கை வைத்தேன். அவள் சட்டென்று அதை வாங்கிவிட்டாள்.

"நான் பிறகு செய்யிறன், அம்மா. அப்பாவுக்கு வேலைக்கு நேரமாகுதெல்லே. நீங்க போங்கோ."

திரும்பி வரும் வழியெல்லாம் மனுசனிடம் டூனாவைப் பற்றியே பேசினேன். இன்றைக்கு அவள் எழும்ப மனமில்லாமல் படுப்பாள், பாருங்கோ என்றேன். நான் அழுதேன். அது நல்ல அழுகை.

ஜூன் மாதம், இந்த நாட்டுக் குளிர்காலம் வந்து இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு ரயிலில் போனேன். கதவைத் திறந்தபோது அவள் குளிர்ச்சட்டையோடு நின்றாள். ஹீற்றர் இருந்தும் மூக்கு சிவந்திருந்தது.

கட்டிலில் வெறும் விரிப்பு. தலைமாட்டில் சுருட்டிய ஜாக்கெட். கால்மாட்டில் அந்த மெல்லிய கம்பளித் துணி, எப்போது போய் வாங்கினாளோ. டூனாவைக் காணவில்லையே என்று திரும்பினேன். கதவடியில் அவளுடைய பை இருந்தது. எங்கள் வீட்டில் இருக்கிற அதே மாதிரி. அதற்குப் பக்கத்தில் டூனா. அதன் மேல் தலையணி. இரண்டும் கடையில் வாங்கின மாதிரியே, பலகையாக, சுருளாக, பிரிக்காமல்.

"நாசமாப் போச்சு! ஏன்டி இது இன்னும் இப்பிடி இருக்கு? குளிரில விறைச்சுச் சாகவோ உனக்கு வாங்கித் தந்தனான்?"

நான் கத்தினால் அவளும் கத்துவாள். அன்று கத்தவில்லை. புட்டுப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள்.

"பிரிச்சா திரும்பப் போகாது, அம்மா. எங்களைப் போகச் சொன்னா, என்னெண்டு நான் இதைக் கொண்டு வாறது?"

கட்டிலில் உட்கார்ந்தேன். கடையில் அவள் டூ பிக் என்றது இப்போதுதான் விளங்கியது. பரீட்சைக்குப் படிக்கிறாள், ஆங்கிலத்தில் கனவு காண்கிறாள், எங்களைப் போல் இல்லை என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருப்பேன். ஐயோ கடவுளே, இந்தப் பிள்ளைக்கு நாங்கள் வேறு எதைக் கொடுத்தோம்?

எழுந்து போய் டூனாவைத் தூக்கிக் கட்டிலில் வைத்தேன். சிப்பில் கை வைத்தேன். பிரி பிள்ளை, இனி எங்களை ஒருத்தரும் போகச் சொல்ல மாட்டினம் என்று சொல்ல வேண்டும். ஒரு தாய் வேறு என்ன சொல்லுவாள்? அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னால் பிரித்திருப்பாள். அது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் விசா அடுத்த மாதம் மறுபடி முடிகிறது. நீட்டுவார்களா என்று யாரிடம் கேட்பது? சிப்பிலிருந்து கையை எடுத்தேன்.

"புட்டு ஆறப்போகுது. சாப்பிடு," என்றேன்.

பிறகு டூனாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவடியில் வைத்தேன். தலையணியை அதன் மேல் வைத்தேன். கைபிடி சுவர்ப்பக்கம் போயிருந்தது. அவசரத்தில் தூக்கக் கஷ்டப்படுவாள் என்று அதை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தேன்.