பஞ்சர் ஒட்டிய துருத்தி

தங்கபுஷ்பம் டீச்சருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் ஆதம்பாக்கத்திலிருந்து புறப்பட்டு, சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டி நிற்கும் அந்தத் தேவாலயத்துக்குப் போய்விடுவார். மாடியில் நிற்கும் பைப் ஆர்கனைத் துடைக்கவும், எலி கடித்ததைப் பார்க்கவும், சுருதி விலகிய குழாயைச் சரிசெய்யவும்தான். ஞாயிறன்று அதை வாசிப்பவரும் அவரே. பாட்டு முடிந்ததும், மற்றவர்கள் திருவிருந்துக்கு வரிசையில் நிற்கும்போது அவர் மட்டும் மாடியிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஒரு காலத்தில் அவரும் வரிசையில் நின்றவர்தான். கல்லறைத் தோட்டத்தில் இன்ன சாதிக்கு முன்பக்கம், இன்ன சாதிக்குப் பின்பக்கம் என்று பிரித்துக் குழி வெட்டுவதைக் கண்ணால் பார்த்தார். செத்த பிறகும் சாதி கேட்கிற சபையில் எனக்குத் திருவிருந்து அப்பமும் வேண்டாம், திராட்சரசமும் வேண்டாம் என்று அன்றோடு விட்டுவிட்டார். ஆர்கனை விடவில்லை. அது யாரிடமும் சாதி கேட்டதில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் அவருக்கு, காற்று எப்படி ஒலியாகிறது என்பதைக் காட்ட அதைவிட நல்ல கருவி இந்தப் பட்டணத்தில் கிடைக்காது.

எழுபத்து மூன்றாம் வருடக் கோடை விடுமுறையில் தெற்கே சொந்த ஊரான நாசரேத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோது ஆர்கன் ஊமையாகிக் கிடந்தது. சுவருக்குப் பின்னால் கைப்பிடியை அழுத்தித் துருத்திக்குக் காற்றடிக்கும் கபாலியைக் கேட்டார்.

"நீங்க ஊர்ல இல்லாதப்போ தோல்ல லேசா கீறல் உட்டுச்சு டீச்சர். கமிட்டிக்காரரு டிரைவர் வந்து பஞ்சர் போட்டுட்டுப் பூட்டான். நான் அப்பவே சொன்னேன், இது இன்னா சைக்கிளா நைனான்னு. எவன் கேட்டான்?"

துருத்தியைத் திறந்து பார்த்தார். மடிப்புக்கு மடிப்பு சைக்கிள் டியூப் துண்டுகளைச் சொல்யூஷன் தடவி ஒட்டியிருந்தார்கள். வெயிலில் ரப்பர் இறுகிவிட்டது. மடங்க வேண்டிய தோல் மடங்க முடியாமல் ஒவ்வொரு ஒட்டுக்குப் பக்கத்திலும் புதிதாகக் கிழிந்திருந்தது.

கமிட்டிக்காரர் பொன்ராஜ் அண்ணாச்சிக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. இந்த ஆர்கன் செத்துவிட்டது, குழாய்களைக் கழற்றிப் பழைய ஈய விலைக்குப் போட்டுவிடலாம், அதே இடத்தில் தகப்பனார் பெயரைக் கல்லில் பொறித்து எலெக்ட்ரானிக் ஆர்கன் வாங்கி வைக்கிறேன் என்று அவர் சபையில் சொல்லியிருந்தார். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தீர்மானம்.

டீச்சர் பெரியமேட்டுத் தோல்மண்டிக்குப் போய் மெல்லிய ஆட்டுத்தோல் வாங்கி வந்தார். ரப்பரைச் சுரண்டி எடுத்தார். தச்சர்கள் காய்ச்சும் வச்சிரப் பசையைக் காய்ச்சித் தடவி, தரையில் உட்கார்ந்து தோலை அறுத்து ஒட்டினார். இரண்டாம் நாளே பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி மாடி ஏறி வந்துவிட்டார்.

"என்ன டீச்சர் இது, கோயிலுக்குள்ள உக்காந்து தோல் அறுக்கிய? நாலு பேரு என்ன சொல்லுவான்? நாத்தம் கீழ வரைக்கும் அடிக்கி."

"உங்க செருப்பு எதுல செஞ்சது அண்ணாச்சி?"

"அதை வாசல்லயே கழத்திப் போட்டுட்டுல்லா வந்தேன்!"

"செரி, கக்கத்துல வேதபுத்தகம் வச்சிருக்கியளே, அதுக்கு அட்டை எதுல?"

அண்ணாச்சியின் கை தானாகப் புத்தகத்தைத் தடவிப் பார்த்தது. பாதிரியார் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். நாற்றம் அல்ல விஷயம். தோலைத் தொடுகிறவர்களை இந்தச் சபை எந்த பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

"திருவிருந்துக்கே வராதவ இதைத் தொடலாமா? அதச் சொல்லு," என்றார் அண்ணாச்சி, ஒருமைக்கு இறங்கி.

"இதுல எந்தக் குழாயும் ஞானஸ்நானம் வாங்கல. காத்து போனாச் சத்தம் வரும், அம்புட்டுதான்."

"மாடிச் சாவியைக் கொடுத்துடுங்கம்மா," என்றார் பாதிரியார்.

"வேலை முடியட்டும் ஐயா."

ஞாயிறு வந்தது. பசை இன்னும் முழுதாகக் காயாததால் ஆராதனையில் ஆர்கன் இல்லாமலே பாடினார்கள். முடிந்ததும் அண்ணாச்சி எழுந்து, "பழுதுபார்க்க இயலாத நிலையில் உள்ள ஆர்கனை" என்று தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கினார். ஆட்சேபிப்பவர்கள் எழுந்து நிற்பது அந்தச் சபை வழக்கம்.

மாடியில் டீச்சர் விரலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சுவர்ப் பலகைச் சந்தில் கபாலியின் வாய் தெரிந்தது.

"டீச்சர், அந்த மொதப் பாட்டைப் போடுங்க. அத்தைக் கேட்டா எல்லாம் டபார்னு எந்திரிச்சிக்கும். முடிஞ்சிச்சி மேட்டரு."

உண்மைதான். ஆரம்பப் பாட்டின் மெட்டு ஆர்கனில் கேட்டால் எழுந்து நின்றே பழகிய கால்கள் அவை. யோசிக்காது, எழும். டீச்சரின் விரல் அந்த முதல் கட்டைக்கு மேல் ஒரு கணம் நின்றது.

"வேண்டாம் கபாலி. பழக்கத்துல எந்திரிக்க வேண்டாம். யோசிச்சு எந்திரிக்கட்டும். நீங்க காத்தடிங்க."

அடிக்கட்டையை அழுத்தினார். பெஞ்சுகள் அதிர்ந்தன. பாட்டு இல்லை, மெட்டும் இல்லை. கீழிருந்து மேலே, ஒவ்வொரு குழாயாக, சாட்சி சொல்வதுபோல் ஒலித்தது. நடுவில் ஒன்று மூச்சிரைத்தது; அதையும் மறைக்காமல் அழுத்திக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்.

"நிறுத்துல!" என்று அண்ணாச்சி கத்தினார்.

சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "டீச்சர் சொல்லட்டும், நிறுத்தறேன்!"

மேல்கட்டை வரை போய் ஆர்கன் நின்றது.  பிறகு பின் பெஞ்சில், கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கம் ஒதுக்கப்பட்டவர்களில் ஒருத்தி, மடியிலிருந்த பிள்ளையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தாள். அடுத்து அவள் வரிசை. அதன் பிறகுதான் முன்பக்கத்தில் சிலர், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். அண்ணாச்சி எண்ணிப் பார்க்காமலே காகிதத்தை மடித்தார்.

அடுத்த மாதம் சபை அங்கத்தினர் பட்டியலிலிருந்து தங்கபுஷ்பத்தின் பெயரை நீக்கினார்கள். அதைச் சொல்லிச் சாவியை வாங்கப் பாதிரியார் படியேறி வந்தபோது, டீச்சர் துருத்திக்கு அடியில் படுத்திருந்தார்.

"ஆர்கன் அங்கத்தினரா ஐயா?"

"இல்லைம்மா."

"அப்போ அதுவும் நானும் ஒண்ணுதான். இன்னும் ஒரு மடிப்பு பாக்கி கெடக்கு. அந்தப் பசைச் சட்டியை இப்படித் தள்ளுங்க."

பாதிரியார் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, சட்டியைத் தள்ளினார்.