காலிச் சாக்கு உத்தரவு

1. போத்தலோடு வந்த துரை

தோட்டத்தை நடத்தும் பெரியதுரை பெரட்டுக் களத்துக்கு வந்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். காலையில் அந்தக் களத்தில் ஆட்களைப் பிரித்து, எந்த மலைக்கு யார் என்று அனுப்புவது கண்டாக்கின் வேலை. கந்தப்பளைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் ஓய்வு பெறும்வரை அது என் வேலையாக இருந்தது. துரை பங்களாவில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் நான் ஆட்களை மலைக்கு ஏற்றிவிட்டிருப்பேன். அன்று எனக்கு முன்னால் அவர் வந்து நின்றார். கையில் ஒரு கண்ணாடிப் போத்தல், அதற்குள் பச்சை நிறத் தண்ணீர்.

"இது என்ன, வல்லாரைச் சாறா?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. கீழ் டிவிஷனில் ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் குழாய் போகும் குளத்துத் தண்ணீர் அது. வருடா வருடம் பாசி கூடி, சில மாதங்களாக நாற்றமெடுத்திருந்தது. பெண்கள் அதைத் துணியில் வடித்துத்தான் சோறாக்கினார்கள்.

துரை சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வினைச்சொற்களை விழுங்கிவிடுவார். "குளத்துக்கு மேல மரக்கறித் தோட்டம். அதுல மூட்டை மூட்டையா உரம். மழை வந்தா எல்லாம் குளத்துல. இனி அந்தக் காணி இல்ல. இந்தப் போகத்தோட சரி."

களத்தில் ஒரே கூச்சல். குளத்துக்கு மேலே இருந்த சரிவில் லயத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் கெரட்டும் போட்டிருந்தன. தேயிலைச் சம்பளம் சாப்பாட்டுக்குக் காணும். பிள்ளைகளைப் படிக்கவைத்தது அந்தக் கிழங்குதான்.

இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய புவனேஸ்வரி முன்னால் வந்தாள். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, வாயிலும்தான். "தொரைங்களே, எங்க கெழங்குதான் தண்ணிய பச்சையாக்குதுன்னு யாரு கண்டா? எங்க புள்ளைங்களும் அதத்தான குடிக்குது. நாங்களே அதுல போயி வெசத்தக் கலப்பமா?"

துரை என் பக்கம் திரும்பினார். "கண்டாக் கணக்கு எடுப்பார். எவ்வளவு உள்ள போகுது, எவ்வளவு வெளிய வருது. எழுதிக் குடுங்க. கம்பெனிக்கு அனுப்பணும்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று நானும் துரை கட்சிதான். உரம் கிடைக்காமல் நாடே தவித்த காலத்துக்குப் பிறகு, மலைக்கு வந்த ஒவ்வொரு மூட்டையும் தங்கமாக இருந்தது. அரை மூட்டையைத் தேயிலைத் தூருக்கு அடியில் ஒளித்துவைத்து, சாயந்தரம் கிழங்குத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது வழக்கமாகிப் போனது. அதை நிறுத்த, மூன்று வருடங்களுக்கு முன் நான் ஓர் உத்தரவு போட்டேன். உரம் போடும் ஆட்கள் எத்தனை மூட்டை வாங்கினார்களோ, அத்தனை காலிச் சாக்கையும் அன்றே ஸ்டோரில் உதறிக் காட்ட வேண்டும். மிச்சம் திரும்பி வரக்கூடாது, மலையிலும் கிடக்கக்கூடாது. சாக்கைக் காட்டினால்தான் முழுப் பேர், அதாவது அன்றைய முழுச் சம்பளம். களவு நின்றது. துரை எல்லோர் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார். எனக்குத் தலை கனத்துவிட்டது. அந்தக் கனத்தோடுதான் கொப்பியை எடுத்துக்கொண்டு கிழங்குத் தோட்டத்துக்கு இறங்கினேன்.

2. போட்டதும் எடுத்ததும்

இந்தக் கணக்கை நுவரெலியாவில் நடந்த ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு இருபது கிலோ அரிசி வருகிறது, பத்துக் கிலோதான் பொங்குகிறோம் என்றால், மிச்சம் பானையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எலி தின்றிருக்க வேண்டும். நிலமும் அப்படித்தான். உரத்தோடும் எருவோடும் உள்ளே போகும் நைதரசன், பொசுபரசு எவ்வளவு, விளைச்சலோடு வெளியே போவது எவ்வளவு என்று எழுதிக் கழித்தால், மண்ணில் தங்கியதும் தண்ணீரோடு ஓடியதும் சேர்ந்து மிச்சமாக வரும்.

முதலில் டவுனில் உரக்கடை வைத்திருந்த பாரூக் நானாவிடம் போனேன். லயத்து ஆட்கள் எல்லோரும் அவரிடம்தான் வாங்குவார்கள்.

"கண்டாக்கையா, நான் விக்கிற சாமான வாங்காதீங்கன்னு சொல்லப் போறீங்க. அதுக்கு நானே கணக்குத் தரணுமா?" என்றார். ஆனாலும் பிளேன்டீ கொடுத்து, யார் எத்தனை மூட்டை எடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

தோட்டத்தில் புவனேஸ்வரி காணியை அளந்தேன். கோழி எரு, அதற்கு மேல் டி.எஸ்.பி. என்ற பொசுபரசு உரம், அதற்கு மேல் யூரியா. எருக் குவியல் மழைக்குத் திறந்தே கிடந்தது.

"இவ்வளவு ஏன் போடுற?" என்று அதட்டினேன்.

"ஒரு கை கூடப் போட்டா ஒரு கெழங்கு கூட வரும்னு ஒரு நம்பிக்கைதானுங்க" என்றாள்.

கணக்குப் போட்டால், பொசுபரசு கொள்ளையாக மிஞ்சியது. கோழி எருவில் இருப்பதே கிழங்குக்குப் போதும். டி.எஸ்.பி. முழுக்கத் தண்டம். எனக்கு ஒரே குஷி. ஆனால் நைதரசன் நான் நினைத்த அளவுக்கு மிஞ்சவில்லை. குளம் அப்படிப் பச்சை கட்ட இந்தத் துண்டுக் காணிகள் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

3. நாலாம் நம்பர் மலை

அறிக்கைக்கு அழகு சேர்க்க ஆசைப்பட்டேன். கிழங்குத் தோட்டத்துக்கு மேலே இருந்தது நாலாம் நம்பர் தேயிலை மலை. மழைநீர் வடியும் அதன் கான் தண்ணீரும் அந்தக் குளத்துக்குத்தான் வருகிறது. மலையின் கணக்கையும் பக்கத்தில் எழுதி, பாருங்கள், இது சுத்தம், அது அழுக்கு என்று காட்ட நினைத்தேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

ஐம்பது கிலோ யூரியா மூட்டையில் நைதரசன் இருபத்து மூன்று கிலோ. நூறு கிலோ தேயிலைத் தூளோடு தோட்டத்தை விட்டுப் போவது ஏறக்குறைய நாலு கிலோ. செடி வளர, மண்ணில் தங்க என்று தாராளமாகக் கழித்தேன். அப்படியும் நாலாம் நம்பர் மலையில் போட்டதில் பாதிக்கு மேல் காணவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் அதே விடை. ஒன்பதாம் நம்பர் மலைக்கும் போட்டேன். அதே மண், அதே உரம், அதே காலிச் சாக்கு உத்தரவு. அங்கே கணக்கு ஓரளவு சரியாக வந்தது.

ஒரு மலை ஒழுங்காகச் சாப்பிடுகிறது, இன்னொரு மலை வாயில் வாங்கித் துப்புகிறதா? நடந்து பார்த்தேன். நாலாம் நம்பரில் ரோட்டோரத்துச் செடிகள் கரும்பச்சையாக இருந்தன. உச்சியில் இருந்தவை மஞ்சள் காமாலை வந்தது போல வெளுத்துக் கிடந்தன. அப்போதுதான் உறைத்தது. ஒன்பதாம் நம்பருக்கு லொறி ரோடு மேலே ஓடுகிறது. உரத்தை இறக்கி, இறங்கிக்கொண்டே போடலாம். நாலாம் நம்பருக்கு ரோடு அடிவாரத்தில். மூட்டையைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏற வேண்டும்.

அடுத்த உரம் போடும் நாளில் யாருக்கும் சொல்லாமல், மறுபக்கத்துப் பாதையால் உச்சிக்குப் போய் ஒரு நிழல் மரத்துக்குப் பின்னால் நின்றேன். வாளிகள் பாதி மலைவரை வந்தன. அதற்கு மேல் ஒருவனும் வரவில்லை. பகல் பன்னிரண்டு மணி ஆகும்போது ரோட்டோரம் மூன்று மூட்டை மிச்சம். உரம் போடும் ஆட்களுக்கு மூத்தவன் முருகையா ஒரு மூட்டையின் தையலைப் பிரித்தான். கான் ஓரம் போனான். அப்படியே கவிழ்த்தான். சாக்கை நன்றாக உதறி, நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. "அடேய் முருகையா! என்னடா பண்ற?"

அவன் பயப்படவே இல்லை. "சாக்கு காலி பண்றேனுங்க."

"கானுக்குள்ளயா உரம் போடுறது?"

"ஐயா, உச்சி வரைக்கும் தூக்கிப் போட்டா நேரத்துக்கு முடியாதுங்க. மிச்சத்தக் கொண்டாந்தா ஸ்டோர்ல எடுக்க மாட்டேங்கிறாங்க. மலையில வச்சா களவுன்னு சொல்லுவீங்க. நீங்கதான சாக்கு காட்டச் சொன்னீங்க? மூணு வருசத்துல ஒரு சாக்கு கொறஞ்சிருக்கா, சொல்லுங்க பாப்பம்?"

குறையவில்லை. ஒன்றுகூடக் குறையவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் முதுகை முருகையா எனக்குக் காட்டிவிட்டான். வெட்கமாக இருந்தது. ரோட்டில் நடந்து வந்துவிட்டேன்.

4. வெதக்கெழங்கு

அறிக்கையை இரண்டு நாள் அலுமாரியில் வைத்திருந்தேன். மரக்கறிப் பக்கத்தை மட்டும் கொடுத்தால் போதும். அதில் ஒரு பொய்யும் இல்லை. துரைக்கும் சந்தோஷம், எனக்கும் மரியாதை. அப்படிச் செய்ய எனக்கு ஆசை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் காலை, குறுக்குப் பாதையில் புவனேஸ்வரி எதிரே வந்தாள். அன்று சத்தம் போடவில்லை.

"ஐயா, வெதக்கெழங்கு மொளை விட்டிருச்சுங்க. போடவா, வித்திரவா?"

அவ்வளவுதான் கேட்டாள். விதைக்கிழங்கை விற்றுவிட்டால் அந்தப் போகம் அந்த வீட்டில் ஒன்றுமில்லை. என்னுடைய வெட்கத்தை மூட, அவள் காணியைப் பிடுங்குவதா? நேரே ஆபீசுக்கு ஏறினேன்.

"சேர், கிழங்குத் தோட்டத்துல பொசுபரசு கூட. அது அவங்க பிழை. ஆனா நைதரசன் நாலாம் நம்பர் மலையிலருந்துதான் வருது. கான்ல கொட்டுறாங்க. அது என் பிழை. சாக்கு காட்டாட்டிப் பேர் இல்லன்னு நான்தான் சொன்னேன்."

துரை கணக்கை மூன்று தடவை படித்தார். "மூணு வருஷமா?"

"மூணு வருஷம் சேர்."

"நான் உங்களை எல்லார் முன்னாலயும் புகழ்ந்தேன்."

"ஆமா சேர்."

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தபோது வினைச்சொற்கள் போயிருந்தன. "ஒரு போகம். குளம் தெளிவு இல்லன்னா, காணியும் இல்ல. நீங்களும் இந்தத் தோட்டத்துல இல்ல."

வெளியே வந்து முதல் காரியமாகப் புவனேஸ்வரியிடம், "போடு" என்றேன்.

5. ஒரு போகம்

மறுநாள் பெரட்டில் உத்தரவை ரத்துச் செய்தேன். மிச்ச உரம் ஸ்டோருக்குத் திரும்பி வரலாம், எடை நிறுத்து எழுதிக்கொள்வோம், பேர் குறையாது. ஒரு நாளைக்கு இத்தனை மூட்டை என்பது போய், உச்சியிலிருந்து இத்தனை வரிசை என்று வேலையைப் பிரித்தோம். முதலில் மேலே தூக்குவது, பிறகு இறங்கிக்கொண்டே போடுவது. மொத்த அளவைக் குறைத்து, அதையும் சிறுசிறு தவணையாக்கினோம். பெருமழை அறிகுறி தெரிந்தால் அன்று உரமே கிடையாது. கான் ஓரத்து இரண்டு வரிசைக்கும் கிடையாது. செடிக்கு எவ்வளவு என்று அளக்க டின்பால் டின்னை எடுத்தோம். முருகையா அதைப் பார்த்துவிட்டு, "முழு டின்னு இருந்தா முழுசாத்தான் போடுவானுங்க. பாதிக்கு வெட்டிருங்க ஐயா" என்றான். வெட்டினோம். மூளை எங்கே இருக்கிறது பாருங்கள்.

கிழங்குத் தோட்டத்தில்தான் சண்டை. டி.எஸ்.பி. வேண்டாம் என்றதும், கிழங்கு கோலிக்குண்டு மாதிரி வரும் என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் புவனேஸ்வரி தீர்ப்புச் சொன்னாள். "என் காணியில பாதிக்குப் போடுறேன், பாதிக்குப் போடல. கெழங்கு சிறுத்துச்சுன்னா, ஐயா வீட்டு வாசல்ல கொட்டிட்டுப் போவேன்." மற்றவர்கள் எருவைப் பொலித்தீன் தாள் போட்டு மூடி, சரிவின் ஓரத்தில் புல் வரிசை நட்டார்கள்.

தினமும் காலையில் குளத்தைப் போய்ப் பார்த்தேன். முதல் மாதம் பச்சை அப்படியே இருந்தது. இரண்டாம் மாதமும் அப்படித்தான். "பொஞ்சாதியப் பாக்கிறத விடக் கொளத்தத்தான் அதிகமாப் பாக்குறீங்க" என்று என் மனைவி பரிகாசம் செய்தாள். மூன்றாம் மாதம் மழை அடித்து ஓய்ந்த பிறகு, கரையோரத்தில் ஒரு முழம் ஆழத்துக்குக் கல் தெரிந்தது. அடுத்த கிழமை அதற்கு அப்பாலும் தெரிந்தது. கிழங்கு தோண்டும் நேரம் வந்தபோது, குளத்தின் நடுவில் விழுந்து கிடந்த மரத்தின் கிளைகளைக்கூட எண்ணலாம் போல இருந்தது. கரையில் நின்று தனியாகச் சிரித்தேன்.

புவனேஸ்வரி இரண்டு குவியலாகக் கிழங்கை வைத்து என்னைக் கூப்பிட்டாள். "எது டி.எஸ்.பி. போட்டது, சொல்லுங்க?" தெரியவில்லை என்றேன். "எனக்குந்தான் தெரியல" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நாலாம் நம்பர் உச்சியில் செடிகள் கறுத்துத் தழைத்தன. அங்கே போகமாட்டோம் என்று முகம் சுளித்த பெண்கள், இப்போது அந்த வரிசைக்குப் போட்டி போட்டார்கள்.

துரை மறுபடியும் பெரட்டுக்கு வந்தார். கணக்கைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். நாலாம் நம்பர் மலையில் போட்டது முன்பைவிடக் குறைவு, எடுத்தது முன்பைவிடக் கூட, காணாமல் போனது பாதிக்கும் பாதி என்று வாசித்தேன். துரை, "காணி அவங்களுக்கே இருக்கட்டும். கம்பெனிக்குப் போற கடிதத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். எல்லா வினைச்சொற்களும் அதனதன் இடத்தில் இருந்தன. பெண்கள் போட்ட குலவை பங்களாவரை கேட்டிருக்கும்.

குலவை ஓய்ந்ததும் முருகையா பின்னாலிருந்து கேட்டான். "எல்லாம் வாசிச்சீங்க ஐயா. கான்ல கொட்ட வச்ச அந்த உத்தரவு யாரு போட்டதுன்னு வாசிக்கலியே?"

"நான்தான்டா போட்டேன்!" என்று கத்தினேன். களமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த உத்தியோகத்தில் அதைவிட நல்ல நாள் எனக்கு வாய்க்கவில்லை.

இன்று மலைக்குப் போகும் இளம் உத்தியோகத்தர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உத்தரவை மீறுகிறவனைப் பிடிக்க யாராலும் முடியும். என் ஆட்கள் மீறவில்லை. ஒரு சாக்குக் குறையாமல் கீழ்ப்படிந்தார்கள், அதனால்தான் குளம் பச்சையானது. நீங்கள் ஓர் உத்தரவு போட்டால், அது நடக்கிற அன்றைக்கு உச்சிக்கு ஏறிப் போய் நின்று பாருங்கள். கீழே ரோட்டில் நின்றால் காலிச் சாக்கு மட்டும்தான் தெரியும்.