சலவைக்கு வராத சட்டைகள்

என் அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். பாராட்டி வைத்தது இல்லை, கிண்டலுக்கு வைத்தது. அது அவளுக்கு உறைக்கவே ஆறு மாதம் ஆயிற்று. ஊரார் சட்டைப் பையில் என்ன இருக்கும் என்று சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது.

அக்காவும் நானும் ஒரு லாண்டரியில் வேலை பார்க்கிறோம். அக்கா துணியை வாங்கி, பைகளைத் துழாவி, எண் எழுதிய துண்டைக் குத்தி வைப்பாள். நான் இஸ்திரி போடுகிறேன். பள்ளி விட்டதும் இவள் நேராகக் கடைக்கு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, அறுந்த பொத்தான் என்று பைகளில் கிடைத்ததையெல்லாம் மேஜையில் பரப்பிக்கொள்வாள்.

"சித்தி, இந்த பேண்ட்காரருக்கு இடது கைப் பழக்கம். வலது பை தேயவே இல்ல பாருங்க."

மறுநாள் அந்த ஆள் வந்து இடது கையால் கையெழுத்துப் போடுவார். நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்படிச் சிரித்தே அவளைக் கெடுத்துவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சிநேகிதி, பக்கத்துத் தெருப் பெண். வாய் ஓயாமல் பேசுவாள் என்பதால் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. அவர்கள் வீட்டுத் துணி எங்கள் கடைக்குத்தான் வரும்.

ஒரு திங்கட்கிழமை ரேடியோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்திருக்கிறாள். நம் சி.ஐ.டி. சும்மா இருப்பாளா?

"மூணு வாரமா உங்க வீட்டு மூட்டையில ஒரு ஆம்பளச் சட்டை கூட வரல. உங்கப்பா வீட்டுல இல்ல, சரிதானே?" என்று கேட்டுவிட்டாள்.

சுற்றிலும் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் விஷயம் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் ரேடியோவின் புத்தகப் பை ஜன்னலோர பெஞ்சுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு இவள் செய்ததுதான் என் வயிற்றெரிச்சல். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் துப்பறியக் கிளம்பினாள். ரேடியோ ஏன் விலகினாள், யார் கோள் மூட்டியது? நோட்டில் நாலு பேர் மேல் சந்தேகம். யார் அவளோடு எத்தனை மணிக்குப் பேசினார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அந்த நாலு பேரில் இவள் இல்லை. நான் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கடைத் துணியைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் ஒரு நாளும் நாங்கள் சொன்னதில்லை. பிறகு எந்த முகத்தோடு கண்டிப்பது?

இரண்டு வாரம் தனியாகவே நடந்து வந்தாள். தனியாகவே சாப்பிட்டாள். அப்புறம் ஒரு நாள் குழாயடியில் ரேடியோவை மறித்து, "எங்கிட்ட பேசக்கூடாதுன்னு உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாளாம்.

"யாரும் சொல்லல. அன்னிக்கு நானே உங்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். உங்கிட்ட மட்டும். அதுக்குள்ள நீயே எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட" என்றாளாம் ரேடியோ. தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கடையில் இவள் எந்தப் பையையும் தொடவில்லை. தேம்பித் தேம்பி அழுது முடித்த பிறகுதான் எங்களுக்குக் குழாயடிக் கதை தெரிய வந்தது. அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் வகுப்பில் முன் பெஞ்சுக்காரி ஒருத்தி திரும்பி, "ஏய் சி.ஐ.டி., அவங்கப்பா போயிட்டது நிஜந்தானே? நீதானே கண்டுபிடிச்ச?" என்று வாயைக் கிளறினாளாம்.

"இல்ல. நான் சொன்னது தப்பு. அவங்கப்பா சட்டையெல்லாம் வேற கடைக்குப் போகுது" என்றாளாம் இவள்.

வகுப்பே சிரித்திருக்கிறது. 'பெரிய சி.ஐ.டி. வந்துட்டா' என்று மேஜையைத் தட்டிக் கத்தியிருக்கிறார்கள். இவள் குனிந்து உட்கார்ந்திருந்தாளாம். அதன் பிறகு யாரும் இவளிடம் எந்தத் துப்பும் கேட்பதில்லை. கேலி மட்டும் நிற்கவில்லை.

அவள் இதைச் சொல்லும்போது நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"ரேடியோவுக்குக் கேட்டுச்சாடி? திரும்பிப் பாத்தாளா?"

"தெரியல சித்தி. நான் அவளப் பாக்கல."