தைக்கு முன்னால் ஓர் ஆபரேஷன்

டாக்டர் கேள்வியை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னவர் என் கணவர்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வருசமாவே இருக்கு டாக்டர். இப்ப ரொம்ப அதிகம். ஆளே வெளுத்துப் போயிட்டா."

"கட்டி கட்டியாப் போகுதா?"

அவர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். கூட வந்திருந்த அவருடைய அக்கா சொன்னார். "போகுது டாக்டர். எங்க வீட்டுக்கு வந்திருந்தப்ப பாயே நனைஞ்சு போச்சு."

பாய் நனையவில்லை. விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை, அவ்வளவுதான். அதையும் அந்த அக்கா எழுவதற்குள் அலசிக் காயப்போட்டுவிட்டேன். இதைத் திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டாக்டர் ஸ்கேன் படத்தை என் கணவர் பக்கம் திருப்பி, பேனா முனையால் ஒரு நிழலைக் காட்டத் தொடங்கிவிட்டார். என் வயிற்றுக்குள் இருந்த கட்டியை நான் தலைகீழாகத்தான் பார்த்தேன்.

"பிள்ளை பெத்தாச்சு. இனி அது இருந்து என்ன ஆகப்போகுது? கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்றார் டாக்டர்.

கணவர் அங்கேயே கணக்குப் போட்டார். தையில் எங்கள் மகனுக்குக் கல்யாணம். தீபாவளி முடிந்ததும் எடுத்துவிட்டால் மார்கழி முடிய ஓய்வு. தை பிறக்கும்போது நடமாடத் தொடங்கிவிடலாம். "அதுதான் சரி" என்றார் மதினி. கணவரின் அக்காவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். "தாய்க்காரி மணவறையில நிக்கிற அன்னைக்குப் பாத்து இந்த இழவு வந்து தொலைச்சா என்ன செய்யிறது?"

டாக்டர் சிரித்துக்கொண்டே நாட்காட்டியைப் புரட்டினார். மண்டபத்துக்கு நாள் பிடித்தது போலவே இதற்கும் நாள் பிடித்தார்கள். மூன்று பேரும் தேதி பேசி முடித்ததும் டாக்டர் என்னிடம், "பயப்படாதீங்கம்மா" என்றார். எனக்கு அதுவரை பயம் இல்லை. அவர் சொன்ன பிறகுதான் வந்தது.

எனக்கு ஐம்பத்தொரு வயது. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, அமிலச் சீசாக்களுக்குப் பெயர் ஒட்டுவது, பிள்ளைகள் வருவதற்கு முன் மேசைக்கு மேசை சாமான்களைச் சரியாக வைப்பது என் வேலை. இருட்டில் கேட்டாலும் எந்தச் சீசா எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்வேன். காலையில் மலைக்கோட்டையைச் சுற்றி நடந்துவிட்டு வருவதும் வழக்கம். அந்த வருஷம் நடை நின்றுபோயிருந்தது. பாதி தூரத்திலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. பள்ளியிலும் நாற்காலியைத் தேட ஆரம்பித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சாப்பிடும்போது கணவர் சொன்னார்: "அம்புட்டு நாள் லீவு கேட்டு அவங்க முன்னாடி நிக்கிறதுக்கு, ஒரேயடியா எழுதிக் குடுத்துட்டு வந்துரு. மருமகப் புள்ள வந்துரும். இனி வீட்டோட இரு."

அவர் கொடுமைக்காரர் அல்லர். எலெக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறார். பழுதான பாகத்தைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும் என்று நம்புகிறவர். எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் சங்கடமாக இருந்தது. எதிர்த்துப் பேச ஒரு கெட்ட எண்ணமாவது கிடைத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

எனக்கு அந்த உறுப்பின் மேல் தனிப் பாசம் எதுவும் கிடையாது. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எடுக்கட்டும் என்றுதான் நினைத்தேன். என் மனதை அறுத்தது அந்தத் தேதி. நோய்க்காகப் பார்த்த நாளாக அது இல்லை. தைக்காகப் பார்த்த நாளாக இருந்தது. இது எனக்குப் புதிதும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஒரு விசேஷம் என்றால் நாள் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிவிடுவேன். கடை திறப்பு விழா, கும்பாபிஷேகம், பழனிக்குப் பாதயாத்திரை, மதினி மகளின் சடங்கு, எல்லாவற்றுக்கும். தெருமுனை மருந்துக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் எடுத்து நீட்டுவார். மற்றவர்களுடைய நல்ல நாளுக்கு ஏற்ப என் உடம்பை முன்னே பின்னே நகர்த்தி வைத்தே காலம் போயிற்று. இந்தத் தடவை நகர்த்தினால் திரும்ப வைக்க முடியாது.

எங்கள் பள்ளி வேதியியல் டீச்சர்தான் மதுரையில் ஒரு பெண் டாக்டரைச் சொன்னார். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை கணவரிடம், "மதுரைக்குப் போயிட்டு வாரேன்" என்றேன்.

"ஜவுளிக்கா? அடுத்த வாரம் எல்லாரும் சேந்து போறோம்ல?"

"ஜவுளிக்கு இல்லைங்க. இன்னொரு டாக்டரைப் பாக்கப் போறேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "இந்த டாக்டர் படிக்காதவரா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

மதுரை டாக்டர் வயதில் என்னைவிட மிகவும் சின்னவர். நான் உள்ளே போனதும் எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். "கூட யாரும் வரலையாம்மா?"

"இல்ல."

"சரி, நீங்களே சொல்லுங்க."

சொல்லத் தெரியவில்லை. இது நான் எதிர்பாராதது. சீசா சீசாவாகப் பெயர் எழுதி ஒட்டுகிற எனக்கு, என் உடம்பில் நடப்பதைச் சொல்ல ஒரு வாக்கியம் வரவில்லை. "அது வந்து டாக்டர்... அதிகமா..." என்று இழுத்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். வியர்த்துப்போய், விட்டு விட்டு, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பரிசோதனைக்குச் சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்த பிறகு மறுபடி போனேன்.

"சாதாரணக் கட்டிதான், பயப்படுற மாதிரி எதுவும் இல்ல" என்றார். "ரத்தம்தான் ரொம்பக் குறைஞ்சிருக்கு, அதை முதல்ல ஏத்தணும். கர்ப்பப்பையை எடுக்கிறதும் ஒரு வழி, தப்பில்ல. இல்லைன்னா உள்ளேயே மருந்து விடுற சின்னச் சாதனம் ஒண்ணு வெச்சுப் பாக்கலாம். போகப் போகக் குறையும். ஆனா ஆரம்பத்துல சில மாசம் எப்ப வேணா கறை படும், நாள் கணக்கு இருக்காது."

"தையில பையன் கல்யாணம் டாக்டர்."

"அன்னைக்கும் படலாம். தள்ளிப்போட மாத்திரை எல்லாம் உங்களுக்கு இனி வேணாம்."

"எது செய்யலாம்?"

"நீங்கதான் சொல்லணும்."

"நீங்க டாக்டரு. நான் என்ன சொல்ல?"

"ரெண்டுமே செய்யலாம்னு நான் சொல்லிட்டேன். உங்களுக்கு எது தோதுன்னு உங்களுக்குத்தானம்மா தெரியும்."

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தை, 'எடுக்க வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அதைக் கொண்டுபோய் வீட்டில் வைத்திருப்பேன். டாக்டர் சொல்லிவிட்டார் என்று தப்பித்திருப்பேன். என்னைக் கேட்கவில்லையே என்று இத்தனை நாள் குமைந்தவளுக்கு, கேட்டதும் வேறு யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது. வாடிப்பட்டி தாண்டியும் முடிவு வரவில்லை. அம்மையநாயக்கனூர் பக்கம் பூ மூட்டைகளோடு ஒரு வேன் எங்களை முந்திக்கொண்டு போனது. அப்போது எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன்: தப்பாகவே போனாலும் போகட்டும், இது நான் செய்த தப்பாக இருக்கட்டும். இது துணிச்சல் என்று எனக்குப் படவில்லை. களைப்பு என்றே படுகிறது.

வீட்டுக்கு வந்ததும் நானே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதி வேண்டாம் என்றேன். வரவேற்பில் இருந்த பெண், "சார் இருக்காங்களாம்மா? அவங்களைப் பேசச் சொல்லுங்களேன்" என்றாள். "ஆபரேசன் எனக்குத்தானம்மா" என்றேன். அவள் தேதியை அடித்துவிட்டதாகச் சொன்னாள்.

மறுநாள் காலையிலேயே நிலக்கோட்டையிலிருந்து மதினி வந்து நின்றார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏத்தா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? சபையில ஏதாச்சும் ஆச்சுன்னா எந்தம்பி மொகத்தை எங்க கொண்டு போய் வெப்பான்?"

"ஆகாம பாத்துக்கிறேன் மதினி."

"என்னத்தப் பாப்ப? இம்புட்டுப் படிச்ச டாக்டர் எடுக்கச் சொல்லுறாரு. நீ டியூப் கழுவுறவ, உனக்கு அவரைவிடத் தெரியுமோ?"

"எனக்கு வேணாம்னு தோணுது. அவ்வளவுதான்."

"நீ மட்டும் என்ன உசத்தி? நான் எடுத்துக்கலையா? நாப்பது வயசுல எடுத்தாக. என்னைக் கேட்டா எடுத்தாக?"

அந்த வாக்கியம் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று பார்ப்பவர் போல என்னைப் பார்த்தார். நாற்பது வயதில் மதினி எப்படி இருந்தார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் தோட்டத்துப் பூ மூட்டையைத் தானே தூக்கி வேனில் ஏற்றுவார். அதற்கடுத்த வருஷமே ராத்திரி எல்லாம் வியர்த்து எழுந்து உட்கார்வதாகச் சொன்னார். பிறகு முட்டி போயிற்று, இடுப்பு போயிற்று. எல்லாம் வயசு என்றோம். நான் காபி போடத் திரும்பினேன். வந்து பார்த்தபோது மதினி பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார்.

கணவர் என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்தினார். உப்பு வேண்டும் என்றால் மகனிடம் சொல்வார். மகன் ஒரு நாள் தயங்கித் தயங்கி, "அம்மா, நாளைக்கு உனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா எங்களைச் சொல்லக் கூடாதும்மா" என்றான்.

"சொல்ல மாட்டேன்பா."

சொன்னேனே தவிர, அதன் பிறகு நன்றாகத் தூங்கியதில்லை. ரத்தம் ஏற்றிக்கொண்டேன், கார்த்திகையில் அந்தச் சாதனத்தையும் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கு எழுதிக் கொடுக்கவில்லை. மலைக்கோட்டைச் சுற்று பாதியிலிருந்து முக்கால் ஆகி, பிறகு முழுதாகிவிட்டது. ஆனாலும் அடிவயிற்றில் சின்னதாக ஒரு இழுப்பு என்றாலும், சின்னப் பெண் அந்த டாக்டர், அவர் எதையாவது பார்க்காமல் விட்டிருந்தால் என்று ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் படிப்பேன். டாக்டர் சொன்னபடியே கறை நினைத்த நாளில் வந்தது, நினைத்த நாளில் நின்றது. பட்டுப்புடவைகளை எடுத்து, எது அடர்ந்த நிறம் என்று பிரித்து வைத்தேன்.

தையில் பந்தக்கால் ஊன்றும் காலை அது வந்தது.

மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நான் பொய்யாக நின்று மஞ்சள் தடவினால், பிறகு மகன் வீட்டில் ஒரு தலைவலி வந்தாலும் என் கை பட்டதால்தான் என்று நானே நினைத்துக்கொண்டு கிடப்பேன். எனக்கு என்னைத் தெரியும். மதினியிடம் போய், "எனக்கு வந்திருக்கு மதினி. நீங்க தடவிருங்க" என்றேன். 'அதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன்' என்பார் என்று நின்றேன். அவரோ என் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். நான் பக்கத்து வீட்டுச் சுவரோரம் போய் நின்றேன். சம்பந்தி வீட்டுப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். என் மகனுக்கு நடும் கம்பை எட்ட நின்று பார்த்தது வலித்தது. அதை வலிக்கவில்லை என்று எழுத மாட்டேன்.

மதினி குந்தி உட்கார்ந்து கம்பின் அடியில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பால் ஊற்றினார். பிறகு எழ முடியவில்லை. கம்பைப் பிடித்து எழப் பார்த்தார், கம்பு அசைந்தது. அதை விட்டுவிட்டுத் தரையில் கை ஊன்றினார். சுற்றி நின்றவர்கள் குலவையிட்டுக்கொண்டும் போனில் படம் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். நான் போய் அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். என் தீட்டு எல்லோருக்கும் தெரிந்த பிறகு தொட்டேன். அவர் கையை உதறவில்லை. முழுப் பாரத்தையும் என் மேல் போட்டு எழுந்தார்.

"இம்புட்டுப் பேரு நிக்கிறீக, ஒருத்தியாச்சும் புடிச்சீகளா?" என்று கூட்டத்தை ஒரு அதட்டு அதட்டினார். என் கணவர் எதிரில் பந்தல்காரரோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார், பந்தல்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுப் படி வரை மதினியைப் பிடித்துக்கொண்டே போனேன். மூச்சு வாங்க உட்கார்ந்தவர், யாருக்கும் கேட்காதபடி என்னிடம், "அந்த மதுரைக்காரப் புள்ள முட்டிக்கும் பாக்குமா?" என்றார்.

"அதுக்கு வேற டாக்டர் மதினி."

"பெறகென்ன பெரிய டாக்டரு" என்றார். முட்டியைத் தடவிக்கொண்டே, "அந்த வேற ஆளு யாருன்னு கேட்டு வையி" என்றார். "எந்தம்பிகிட்ட சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்."